காணாமல் போன உப்புக்கோடு

அத்தியாயம் 5

ஆய்வு நிலையத்தின் வாசலிலேயே டைரக்டரின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கையில் கறுப்பாக ஒரு கல்லை ஏந்தியிருந்தார். முகத்தில் அந்தக் கல்லைத் தானே பத்து மாதம் சுமந்து பெற்றது போன்ற களைப்பும் பெருமிதமும்.

"இதுல கல்லு எது சகலை?" என்று கேட்டேன்.

"கையில இருக்குறது."

"கேட்டு வெச்சுக்கிறது நல்லதுதானே. கழுத்துக்கு மேலயும் ஒண்ணு தெரியுது."

சகலை சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது என் கல்யாணத்தன்று மட்டும்தான். அதுவும் என்னைப் பார்த்துப் பரிதாபமாக. அக்காளைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் நான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். பெயின்ட் கடையில் என் வேலை போனதும் அக்காளும் தங்கையும் சேர்ந்து என்னை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு கூடவே வருவதுதான் வேலை என்றார். கூடவே வருவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

அவர் படத்தை விட்டு நகரவில்லை. மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, டைரக்டரை விட்டுவிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்தக் கல் செவ்வாய் கிரகத்திலிருந்து பிய்ந்து வந்து ஏதோ ஒரு பாலைவனத்தில் விழுந்தது. அதை வாங்கி வைத்திருந்த ஒரு பணக்காரர், ஆராய்ச்சிக்கென்று இந்த நிலையத்துக்கு இரவல் தந்தார். வெட்டக்கூடாது, உடைக்கக்கூடாது என்று நிபந்தனை. இங்கே வேலை பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் மாதக்கணக்கில் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கல்லின் மேலே இருந்த ஒரே ஒரு வெடிப்பில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைக் கண்டுபிடித்தார். அது உப்பு. தண்ணீர் இருந்து, வற்றி, வற்றிய இடத்தில் படிந்துபோன உப்பு. செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்பதற்குக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஓர் அத்தாட்சி.

டைரக்டர் உடனே நிருபர்களைக் கூப்பிட்டார். கண்டுபிடித்தவரைக் கூப்பிட மட்டும் மறந்துவிட்டார். மேடையில் கல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். வெடிப்பு இருந்தது. கோடு இல்லை. நிருபர்கள் சிரித்த சிரிப்பில் டைரக்டரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் ஒன்றும் தடுமாறவில்லையாம். அந்த மேடையிலேயே மைக்கைப் பிடித்து, "என்னையும் ஏமாத்திட்டாங்க" என்று பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். அந்தப் பெண் வேறு ஏதோ கல்லைப் படம் பிடித்து ஆதாரம் என்று காட்டினார் என்பது குற்றச்சாட்டு. இன்று மாலை விசாரணைக் குழு கூடுகிறது. குழு சரி என்று சொல்லிவிட்டால் வேலை போகும். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் அவரை உள்ளே விடாது.

இவ்வளவு அசிங்கப்பட்ட பிறகும் வாசலில் இருந்த படத்தை மட்டும் கழற்றவில்லை. ஃப்ரேம் போட்டாகிவிட்டதல்லவா.

எங்களை வரச் சொல்லியிருந்த அந்தப் பெண் கேன்டீன் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்கூடத்துச் சாவியை வாங்கிவிட்டார்களாம். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"கோடு இருந்துச்சு சார்," என்றார். "மேடைக்கு முந்தின ராத்திரி டப்பாவுல வெச்சு மூடும்போதுகூடப் பார்த்தேன். காத்துல இருக்குற ஈரம்கூட படக்கூடாதுன்னு காஞ்ச டப்பாவுலதான் வெப்பேன். கையுறை இல்லாம தொட்டதே இல்ல."

"ஈரம் பட்டா?"

"கரைஞ்சுடும். உப்புதானே."

"இதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி நிலையம்," என்றேன். "எங்க வீட்டுக்காரி சொல்லிருவா."

சகலை என்னைப் பார்த்த பார்வையில் நானே கொஞ்சம் கரைந்தேன்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"மாமியார் நல்லதாப் போச்சுங்கிறாங்க. இனியாவது வீட்டைப் பாருன்னு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் கஷ்டமா இருக்கு." அவர் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார். "அவருக்கும் சந்தேகம் வந்துடுச்சு சார். நான் பொய் சொல்லியிருப்பேனோன்னு."

"உங்களுக்கு அப்புறம் கல்லு யார் கைக்குப் போச்சு?"

"டப்பா சாவி துணை டைரக்டர்கிட்ட இருந்துச்சு. காலையில அவர்தான் டைரக்டர் ரூமுக்கு அனுப்பி வெச்சார், ஃபோட்டோ எடுக்கணும்னு. அங்கேர்ந்து நேரா மேடைக்கு."

துணை டைரக்டருக்கு இந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது என்பது அந்தக் கட்டடத்தின் தூண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நான் மனசுக்குள்ளேயே அவருக்கு விலங்கு மாட்டிவிட்டேன்.

அவர் அறைக்குள் நுழைந்ததும் விலங்கு கழன்றுவிட்டது. அறை முழுக்கக் கணினித் திரைகள். பேருக்கு ஒரு கூழாங்கல்கூட இல்லை. எங்களைக் கண்டதும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். மேஜையில் சகலை கை வைத்த இடத்தை, அவர் கையை எடுத்த உடனே மருந்து தெளித்துத் துடைத்தார்.

"உப்பாவது ஒண்ணாவது. அந்தப் பொண்ணுக்கு அவசரம், பேராசை. நான் அப்பவே சொன்னேன்."

"கல்லைப் பார்த்தீங்களா சார்?" என்றார் சகலை.

"படத்துல பார்த்தேன்."

"கையில எடுத்து?"

"நான் கல்லெல்லாம் தொடறதில்லைங்க. எனக்குத் தூசி ஆகாது. டப்பாவைத் தட்டுல வெச்சு அனுப்பினேன், அவ்வளவுதான்."

"கல்லைப் படிச்சுட்டு கல்லைத் தொடாம எப்படி சார்?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் கம்ப்யூட்டர் மாதிரிகள். கணக்குப் போட்டே சொல்லிடலாம்," என்று திரையைக் காட்டினார். அதில் ஒரு சிவப்பு உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. அவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சகலை ஒரே வார்த்தையில் முடித்தார். "இல்ல."

"ஏன் சகலை? ஆளு கெட்டவன்."

"கெட்டவன்தான். ஆனா ஒரு கெட்டது செய்யறதுக்கு நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணுமே."

டைரக்டரின் அறை துணையின் அறையைப் போல இரண்டு மடங்கு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடியில்லாத அலமாரி. அதில் வரிசையாகக் கற்கள். டைரக்டர் ஃபோனில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. யாரிடமோ, "நம்பி மோசம் போயிட்டேன் சார், பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டே, மற்றொரு கையால் முந்திரியைப் பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தழுதழுப்பும் முந்திரியும் ஒரே தொண்டையில் எப்படித்தான் வழிவிட்டு நடந்தனவோ.

சகலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரியைப் பார்வையிட்டார். எனக்குப் பொழுது போகவில்லை. மேஜையைப் பார்த்தேன். முடிவெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் பீச்சுவார்களே, அந்த மாதிரி ஒரு பாட்டில் பாதித் தண்ணீரோடு இருந்தது.

"இங்கயே கட்டிங் ஷேவிங் எல்லாம் முடிஞ்சுடும் போல," என்று முணுமுணுத்தேன்.

"செடிக்கா இருக்கும்," என்றார் சகலை மெதுவாக.

"எந்தச் செடிக்கு?"

அறையில் ஒரு செடி இல்லை. ஜன்னலிலும் இல்லை. சகலை என்னை ஏறிட்டுப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக அவர் கண்ணில் எனக்கு ஒரு மரியாதை தெரிந்தது. அது எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

டைரக்டர் ஃபோனை வைத்தார். "அந்தப் பொண்ணு அனுப்பிச்ச ஆளுங்களா? எனக்கு நேரம் இல்லை."

"ஒரே கேள்வி சார். கல்லு உங்க கையில எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"வந்தது, படம் எடுத்தாங்க, டப்பாவுல வெச்சுட்டேன். நான் பார்க்காத கல்லா? கைக்குழந்தை மாதிரிப் பிடிச்சேன்."

"வாசல்ல பார்த்தோம் சார். பிரமாதமான படம். யார் எடுத்தது?"

ஆளைக் காக்காய் பிடிக்கிற விஷயத்தில் சகலை என்னையே மிஞ்சுவார். டைரக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூடியோவின் விலாசத்தை அவரே சொன்னார். நான் சொன்னேன் என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக எடுத்துக் கொடுப்பான் என்று சிபாரிசும் செய்தார். அந்தப் பெண்ணின் பெயரை ஒரு தடவைகூட அவர் வாயால் சொல்லவில்லை.

தெருவில் இறங்கியதும் சகலையைப் பிடித்துக்கொண்டேன். "அலமாரியில என்ன பார்த்தீங்க?"

"தூசி."

"தூசியைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரமா?"

"எல்லாக் கல்லு மேலயும் தூசி. ஆனா ஒவ்வொரு கல்லுலயும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் சுத்தமா இருக்கு, கழுவித் தேய்ச்ச மாதிரி. துடைக்கணும்னா முழுசாத் துடைப்பாங்க. ஒரே ஒரு இடத்தை மட்டும் எவன் துடைப்பான்?"

எனக்குத் தெரிந்தால் நான் ஏன் சகலையாக இருக்கிறேன், துப்பறிபவனாக இருந்திருப்பேன்.

ஸ்டூடியோ ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. ஃபோட்டோகிராஃபர் ஒல்லியாக, எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற ஆள். டைரக்டர் என்று சொன்னதும் மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது.

"அந்தாளா? ஃப்ரேமுக்கு இன்னும் காசு வரல. அன்னைக்கு என் உயிரை வாங்கிட்டார். தாடையைத் தூக்கவா, இறக்கவான்னு. அவர் தாடையைச் சமாளிச்சுடலாம், அந்தக் கல்லு இருக்கே, அதைச் சமாளிக்க முடியல."

"ஏன்?"

"எண்ணெய் தேச்ச தலை மாதிரி மின்னுச்சு. ஃபிளாஷ் அடிச்சா கண்ணு கூசுது. நான் உள்ள போறப்பவே அப்படித்தான் இருந்துச்சு. பாலிஷ் போட்ட கல்லுன்னு நினைச்சேன்."

"அன்னைக்கு எடுத்த படம் எல்லாத்தையும் காட்டுங்க. எடுத்த வரிசையில."

அவர் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். தாடையைத் தூக்கிய டைரக்டர், இறக்கிய டைரக்டர், தொலைநோக்கில் எதிர்காலத்தைப் பார்க்கும் டைரக்டர். எனக்குக் கொட்டாவி வந்தது. சகலை கல்லை மட்டுமே பார்த்தார். முதல் படத்தில் கல் கன்னங்கரேலென்று பளபளத்தது. அடுத்தடுத்த படங்களில் ஓரத்திலிருந்து பளபளப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் கல் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

"பாலிஷ் காயுமா தம்பி?" என்று சகலை கேட்டார்.

ஃபோட்டோகிராஃபர் இரண்டு கண்களாலும் பார்த்தார். "அட, இதை நான் கவனிக்கவே இல்லையே. ஈரமா இருந்திருக்கு."

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சகலை பெரிதாக அச்சுப் போடச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்போ வேணும்னே கழுவியிருக்கான். அந்தப் பொண்ணைக் கவுக்கணும்னே."

"மேடையில அவன் மானமும்தானே போச்சு. வேணும்னு செய்யறவன் நிருபரைக் கூப்பிட்டு வெச்சுட்டா செய்வான்?"

"பின்னே?"

"பசிக்குது. உங்க வீட்டுக்குப் போவோம். வழியில அந்தக் கட்டட வேலை நடக்குற இடத்துல ஒரு கறுப்பு ஜல்லி பொறுக்கிக்கங்க. வெடிப்பு இருக்குறதாப் பார்த்து."

துப்பறிவதில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு இதுதான், கல் பொறுக்குவது.

வீட்டில் என் மனைவி பால் பாத்திரத்தில் கல் கொதிப்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னங்க இது?"

"உன் அக்கா வீட்டுக்காரரைக் கேளு."

சகலை கை நிறைய உப்பை அள்ளிப் பாத்திரத்தில் போட்டார். "ஒரு கேஸும்மா."

"மாமா சொன்னா சரிதான்," என்றாள் அவள். அதையே நான் செய்திருந்தால் பாத்திரம் என் தலையில் இருந்திருக்கும். தண்ணீர் சுண்டியதும் சகலை கல்லை வெறும் வாணலியில் போட்டு உலர்த்தி, மேலே பூத்திருந்த வெள்ளையைத் துணியால் துடைத்தார். வெடிப்புக்குள் மட்டும் மங்கலாக ஒரு கோடு மிஞ்சியது. அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். சூடு ஆறியிருக்கவில்லை.

விசாரணை, நிலையத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெண் நீதிபதி; வெளியிலிருந்து வந்தவர். குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்ததால் சகலை உள்ளே போனார். சாட்சிப் பொருள் என் சட்டைப் பையில் இருந்ததால் நானும் போனேன். துணை டைரக்டர் முகக்கவசத்தோடு ஜன்னல் ஓரம். டைரக்டர் நடுநாயகமாக. அந்தப் பெண் மேஜையின் கடைசியில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க தரப்புல என்ன?" என்றார் நீதிபதி.

"அதுக்கு முன்னால சார்கிட்ட ஒரு உதவி கேட்டுக்கறேன்மா," என்று சகலை கும்பிடாத குறையாகக் குழைந்தார். "என் சகலை வீட்டு மொட்டை மாடியில ஒரு கல்லு விழுந்து கிடந்துச்சு. வானத்துலேர்ந்து வந்ததுன்னு ஆசைப்படறார். எங்ககிட்ட மெஷின் எல்லாம் கிடையாது."

நான் வெட்கத்தோடு கல்லை எடுத்து டைரக்டரின் முன்னால் வைத்தேன். வெட்கம் நன்றாகவே வந்தது. இத்தனைக்கும் நான் ஒத்திகை பார்க்கவில்லை.

நீதிபதி முகம் சுளித்தார். "இது இப்போ அவசியமா?"

"ஒரு நிமிஷ வேலைதான் மேடம்," என்றார் டைரக்டர். தன் வித்தையைக் காட்ட ஆள் கிடைத்ததில் அவருக்கு ஆனந்தம். "மெஷின் எதுக்குய்யா? இந்தக் காலத்துப் பசங்கதான் எல்லாத்துக்கும் மெஷினைத் தேடுவாங்க. நாங்கல்லாம் வெயில்ல மலை மலையாத் திரிஞ்சவங்க."

சொல்லிக்கொண்டே கல்லை இடது கையில் எடுத்தார். வலது கை தானாகத் தண்ணீர் டம்ளருக்குள் போனது. விரலால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஜல்லி கன்னங்கரேலென்று மின்னியது. வெடிப்பில் எதையோ கண்டவர் போலப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக, நாக்கை நீட்டி நுனியால் அந்த வெடிப்பை ஒரு தடவை தொட்டார்.

துணை டைரக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"உப்பு," என்றார் டைரக்டர் வெற்றிக்களிப்போடு. "சமையல் உப்பு. யாரோ உங்க காதுல பூ சுத்தியிருக்கான்."

"ரொம்பச் சரி சார்," என்றார் சகலை. குழைவெல்லாம் போய்விட்டது. "தெருவுல கிடந்த ஜல்லி. மத்தியானம் உப்புத் தண்ணியில கொதிக்க வெச்சோம். கையில எடுத்த உடனே சொல்லிட்டீங்க. அன்னைக்குக் காலையிலயும் இதே மாதிரிதானே தெரிஞ்சுது? அதை ஏன் சார் மேடையில சொல்லல?"

டைரக்டர் கையில் இருந்த கல்லிலிருந்து ஒரு சொட்டு அவர் கோப்பின் மேல் விழுந்தது.

"என்ன உளறல் இது? அந்தக் கல்லை நான் அப்படிச் செய்வேனா? அது எவ்வளவு அபூர்வமான கல்லு."

"எந்தக் கல்லு கையில வந்தாலும் நனைச்சுப் பார்க்குறது உங்களுக்குப் பழக்கம். நனைச்சாதான் உள்ள இருக்குறது பளிச்சுன்னு தெரியும். அதுக்குத்தான் செடியே இல்லாத ரூம்ல தண்ணி பீச்சுற பாட்டில். உங்க அலமாரியில ஒவ்வொரு கல்லுலயும் கட்டைவிரல் தேய்ச்ச தடம் இருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் நனைச்சு நனைச்சுக் காட்டியிருக்கீங்க." சகலை இரண்டு படங்களையும் நீதிபதியின் முன்னால் வைத்தார். "இது ஃபோட்டோகிராஃபர் உள்ள வந்ததும் எடுத்தது. இது கிளம்பறப்ப எடுத்தது. கல்லு காய்ஞ்சுக்கிட்டே வருது பாருங்கம்மா."

நீதிபதி படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு டைரக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நானாக இருந்தால் செய்யாத கொலையைக்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

"நனைச்சீங்களா?"

"பழக்கதோஷம் மேடம்," என்றார் டைரக்டர். குரல் தழுதழுத்தது. இந்த முறை பக்கத்தில் முந்திரி இல்லை. "ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கணுமேன்னு... கை தானாப் போயிடுச்சு. ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சுது. எதுக்கும் இருக்கட்டும்னு நாக்குல வெச்சேன். அப்புறம் பார்த்தா கோட்டைக் காணோம்."

"கரைஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சேதான் மேடைக்குப் போனீங்களா?"

"வெடிப்புக்கு உள்ள கொஞ்சம் இருக்கும்னு நம்பினேன்."

"நாக்குல வெச்ச இடத்தை எதால துடைச்சீங்க?" என்று சகலை கேட்டார்.

"கைக்குட்டையால."

"அது எங்க?"

"வீட்ல துவைச்சுட்டாங்க."

ஒரு கிரகம் தன் கடைசித் தண்ணீரின் அடையாளத்தை ஒரு கல்லுக்குள் பத்திரமாக வைத்து இவ்வளவு தூரம் அனுப்பியது. அதை இந்த மனுஷன் நக்கித் துடைத்துச் சலவைக்குப் போட்டுவிட்டு, கூசாமல் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான். படித்த பட்டங்களையெல்லாம் அந்தக் கைக்குட்டையோடு சேர்த்துத் துவைத்திருக்கலாம்.

டைரக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். முகத்தில் திடீரென்று ஒரு தகப்பனின் பாசம் வந்து உட்கார்ந்தது. "விடும்மா. துளி உப்புதானே, போனா போகுது. நாளைக்கே நீ வேலைக்கு வா. உன் பேரையும் என் பேரையும் சேர்த்துப் போட்டு ஒரு கட்டுரை எழுதிடுவோம்."

அந்தப் பெண் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து டைரக்டரின் எதிரில் நின்றார்.

"கட்டுரை இருக்கட்டும் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாக்குல வெச்சீங்களே, எப்படி இருந்துச்சு?"

டைரக்டர் நீதிபதியைப் பார்த்தார். "பதில் சொல்லுங்க," என்றார் அவர்.

"உப்பா இருந்துச்சு."

"உப்பு மட்டுமா?"

அவர் யோசித்தார். அந்த ஒரு கணம் அந்த முகத்தில் பந்தா இல்லை, பாசாங்கு இல்லை. மலை மலையாகத் திரிந்த காலத்து ஆள் எங்கிருந்தோ எட்டிப் பார்த்தார்.

"முதல்ல உப்பு. அப்புறம் கசந்துச்சு. சாதாரணக் கசப்பு இல்ல, தொண்டை வரைக்கும் போய் நின்னுச்சு. மத்தியானம் சாப்பிடறப்பகூட இருந்துச்சு."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நீதிபதியிடம் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"அது மெக்னீசியம் உப்பு மேடம். அதுதான் கசக்கும். வெடிப்போட வாயில சாதாரண உப்பு, உள்ள ஆழத்துல இது. தண்ணி வெளியிலேர்ந்து உள்ளே வத்திக்கிட்டே போனா, கடைசியில படியறது அதுதான். ஃபோட்டோவுக்கு முந்தின நாள்தான் எனக்கே தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. இன்னும் எங்கயும் எழுதக்கூட இல்ல. நாக்குல பட்டாலொழிய இவருக்குத் தெரிய வழியே இல்ல."

துணை டைரக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். கணக்கில் வராத ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டிருப்பார் போல. நீதிபதி தட்டச்சு செய்துகொண்டிருந்தவரிடம், சார் சொன்ன வார்த்தைகளை அப்படியே போடுங்கள் என்றார்.

"ஆமா மேடம், நல்லாப் போட்டுக்கங்க," என்றார் அந்தப் பெண். இப்போதுதான் அவர் கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. "அங்க தண்ணி இருந்துச்சுங்கிறதுக்கு இனிமே இருக்குற ஒரே சாட்சி இவரோட நாக்குதான். இன்னைக்குத்தான் அது முதல் தடவையா உண்மை சொல்லுது."